எர்த்

பாட்டு ஓடும்போது தெரியாது அண்ணாச்சி,
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல கேளுங்க
என்றார் ஞானதிரவியம்.

பணகுடிப் பக்கம் காற்றாலை பார்க்கிறவர்.
வெள்ளை வண்டி, கதவெல்லாம் செம்மண்.
வண்ணார்பேட்டை பைபாசில் நான்
ஷட்டரை முக்கால்வாசி ஏற்றும்போதே வந்து நின்றார்.

கேட்டேன்.
மெலிசாய் ஒரு கீச்சு.
ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது,
விட்டால் இறங்குகிறது,
ஸ்பீக்கருக்குள் யாரோ
வண்டை நூலில் கட்டிப் பிடித்திருப்பதுபோல.

ஆல்டர்னேட்டர்தான். அதில் சந்தேகமில்லை.
எந்த வழியாக உள்ளே வருகிறது?
வேலை அங்கேதான்.

நாங்குநேரியில் ஒருவர் ஃபில்டர் மாட்டினாராம், எண்ணூறு.
வள்ளியூரில் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டார்கள்.
திசையன்விளையில் ஒரு பையன்
"இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் வே" என்று
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.
டீயைப் பற்றி மட்டும் அவர் குறை சொல்லவில்லை.

வால்யூமைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன்.
கீச்சு அப்படியே.
சரி, செட்டுக்கு அப்புறம்.
டிக்கியைத் திறந்து
ஆம்ப்பிலிருந்து சிவப்பு பின், வெள்ளை பின்
இரண்டையும் உருவினேன்.
கப்சிப்.
சரி, ஆம்ப் நல்லவன்.
பழி நடுவில் எங்கோ கிடக்கிறது.

கதவோரப் பட்டையைக் கழற்றிப் பார்த்தால்
பேட்டரி வயரும் சிக்னல் வயரும்
ஒரே பாயில் படுத்த பங்காளிகள்.
ஒன்றை வலது பக்கம் மாற்றினேன்.
பாதி குறைந்தது.
பாதி குறைந்ததற்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

மீட்டரை எடுத்தேன்.
ஒரு முனை செட்டின் எர்த்தில்,
ஒரு முனை ஆம்ப்பின் எர்த்தில்.
என்ஜின் ஓடுகிறது.
இருக்கவே கூடாத இடத்தில்
கிட்டத்தட்ட அரை வோல்ட்.

ஒரே வண்டி, ஒரே இரும்பு,
முன்னால் ஒரு மட்டம், பின்னால் ஒரு மட்டம்.
மேலக்குளத்துக்கும் கீழக்குளத்துக்கும் நடுவே
மடை லேசாய்த் திறந்து கிடந்தால்
ராத்திரி முழுக்கத் தண்ணீர் சலசலக்காதா?
அந்தச் சலசலப்பைத்தான் இந்த மனிதர்
எட்டு மாதமாய்க் கேட்டுக்கொண்டு போகிறார்.

கார்ப்பெட்டைத் தூக்கினேன்.
எர்த் போல்ட், நன்றாகத்தான் முறுக்கியிருக்கிறது,
பெயிண்டுக்கு மேலே.
செருப்புக் காலோடு நின்றுகொண்டு
தரை சுடவே இல்லை என்கிற மாதிரி.

உப்புத்தாள் போட்டு
ஒரு ரூபாய் அகலத்துக்கு
இரும்பு பளிச்சென்று தெரியத் தேய்த்தேன்.
பல் வாஷர். புது போல்ட். மேலே கொஞ்சம் வாசலின்.
கசாலி சாவியைத் திருப்பி மிதித்தான்,
மூவாயிரம் சுற்று.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதற்கு பில் போடுகிறவன் நான்;
அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஞானதிரவியம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"இன்னும் இருக்கு அண்ணாச்சி."

கசாலிக்குப் பத்தொன்பது வயசு,
வௌவால் தும்மினாலும் கேட்கும் காது.
அவனும் உதட்டைப் பிதுக்கினான்.

மிதிச்சா ஏறுதா?
"இல்ல. ஒரே மட்டமா இருக்கு."
சாவியை எடுத்தேன். இப்போ?
"இருக்கு."
பத்தாம் நம்பர் ஸ்பேனர் வாங்கி
பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன்.
இனி அது வெறும் தகரம்.
இப்போ?

பைபாசில் ஒரு மணல் லாரி போய் முடிகிற வரைக்கும்
அவர் பேசவில்லை.

"பதினோரு வருசம்,
கியர்பாக்ஸுக்குப் பக்கத்துலயே வேலை" என்றார்.
பிறகு, "அப்போ வண்டி நல்லாத்தான் இருக்கு."

என் கையில் மீட்டர்.
இரண்டு முனை, எங்கே வைக்க?
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
புதன்கிழமை காது டாக்டர் உட்காருவார் என்று சொன்னேன்.
சரி சரி என்றார், சரியென்று சொல்லாதவர்போல.

போகும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.
வள்ளியூர் ரோட்டில் திரும்பும்வரை கேட்டது.
சுத்தமாய் இருந்தது,
நானே சொல்லக் கூடாது.

கணக்கு நோட்டில் என்னன்னு எழுத, என்றான் கசாலி.
எர்த், என்றேன். அறுநூறு.